தட்டு, மை, தாள்: வாசகர் கேள்வி பதில்

அச்சோவியம் (தட்டிலோ கல்லிலோ பலகையிலோ மை ஏற்றித் தாளில் எடுக்கும் படம்) பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். பாதிக்கு மேல் கிருஷ்ணா ரெட்டியைக் கேட்டு வந்தவை. மீதி, வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களைப் பற்றியவை.

கிருஷ்ணா ரெட்டி என்பவரைச் சிலர் ஓவியர் என்கிறார்கள், சிலர் சிற்பி என்கிறார்கள், சிலர் அச்சுக் கலைஞர் என்கிறார்கள். எது சரி? அவருக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— ஒரு வாசகி, காரைக்குடி

மூன்றும் சரிதான் ஆச்சி. ஆனால் வரிசை முக்கியம். 1925-இல் சித்தூருக்குப் பக்கத்தில் நந்தனூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். சாந்திநிகேதன் கலாபவனில் நந்தலால் போஸிடம் படித்தார். அப்போது அவர் ஓவியர். படிப்பை முடித்ததும் வந்தது சென்னைக்கு. 1947 முதல் 1949 வரை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். தமிழ்நாட்டோடு அவருக்கு உள்ள நேரடித் தொடர்பு இதுதான்.

அடுத்து லண்டன். ஸ்லேட் கலைப்பள்ளியில் ஹென்றி மூரிடம் சிற்பம். பிறகு பாரிஸில் ஜாட்கினிடம், மிலானில் மரினோ மரினியிடம், அதுவும் சிற்பம். பாரிஸில் இருந்தபோதுதான் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அத்தலியே 17' என்ற அச்சுப் பட்டறைக்குள் நுழைந்தார். பின்னாளில் அதன் இணை இயக்குநரும் ஆனார். 1972-இல் பத்மஸ்ரீ. 1970களின் நடுவில் நியூயார்க் போய்ப் பல்கலைக்கழகத்தில் அச்சுக் கலை கற்பித்தார். 2018 ஆகஸ்டில் அங்கேயே காலமானார்.

அவர் தட்டைத் தொட்டபோது கையில் இருந்தது சிற்பியின் பழக்கம். மற்றவர்கள் உலோகத் தட்டில் கோடு போட்டார்கள். இவர் தட்டைக் குடைந்தார், சுரண்டினார், தேய்த்தார், மேடும் பள்ளமுமாக ஒரு தாழ்வான சிற்பமே செய்தார். 1963-இல் செய்த 'சுழல்' என்ற படத்தின் அசலைப் பார்க்க வாய்த்தால் நேரே நிற்காமல் பக்கவாட்டில், வெளிச்சம் சரிந்து விழும் இடத்தில் நின்று பாருங்கள். தாளே எழும்பி இறங்கியிருப்பது தெரியும். புத்தகத்தில் அச்சான படத்தில் இது சுத்தமாகப் போய்விடும். அவரைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'வெறும் வண்ண விளையாட்டு' என்று சொல்பவர்கள் மேல் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒரே தட்டில், ஒரே இழுப்பில் அவர் பல நிறம் எடுத்தார் என்கிறார்கள். நாங்கள் கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் ஊற்றிப் பூக்கல் போடுகிறோம். அதே மாதிரிதானா?
— பூக்கல் தொழில் செய்பவர், ஆத்தங்குடி

நீங்கள் கேட்டது கல்லூரியில் கேட்கிற கேள்விகளைவிட நல்ல கேள்வி. ஒரு விஷயம் ஒன்று, ஒரு விஷயம் வேறு.

ஒன்றாக இருப்பது: இரண்டும் கவிழ்த்துச் செய்கிற வேலை. உங்கள் கல்லில் கண்ணாடியைத் தொட்டிருக்கிற முகம்தான் கடைசியில் மேலே வரும். ஊற்றும்போது வலப்பக்கம் இருந்த கொடி, கல்லைத் திருப்பினால் இடப்பக்கம் இருக்கும். அச்சோவியமும் அப்படியே. தட்டில் எழுத்து எழுதினால் தாளில் இடம் வலம் மாறி விழும்.

வேறாக இருப்பது: நிறத்துக்கு நிறம் எப்படி வேலி போடுகிறோம் என்பது. உங்கள் அச்சில் உலோகத் தகடு குறுக்கே நிற்கிறது. சிவப்பு சிவப்பின் அறையில், மஞ்சள் மஞ்சளின் அறையில். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால்தான் கலக்கும். ரெட்டியின் தட்டில் தகடு கிடையாது. வேலி இரண்டு: ஒன்று உயரம், இன்னொன்று எண்ணெய்.

தட்டை மூன்று உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டம், நடுப்பள்ளம், அதற்கும் கீழே கோடுகள். முதலில் கெட்டியான எச்சிங் (உலோகத் தட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறை) மையைத் தட்டு முழுவதும் தேய்த்து, கோட்டுக்குள் போனது மட்டும் நிற்கும்படி துணியால் துடைத்துவிடுவார்கள். இது ஒரு நிறம். அடுத்து, எண்ணெய் நிறையக் கலந்த இளக்கமான மையைக் கெட்டி ரப்பர் உருளையில் ஏற்றி, அழுத்தாமல் ஒரே ஓட்டம். கெட்டி உருளை வளையாது, ஆகவே மேல்மட்டத்தை மட்டும் தொடும். இது இரண்டாவது. கடைசியாக, எண்ணெய் சேர்க்காத இறுகிய மையை மெத்தென்ற உருளையில் ஏற்றி, கொஞ்சம் அழுத்தி உருட்டுவார்கள். அந்த உருளை பள்ளத்துக்குள் பிதுங்கி இறங்கும், மேல்மட்டத்தையும் தொடும். ஆனால் மேல்மட்டத்தில் ஏற்கெனவே எண்ணெய்ப் படலம் இருப்பதால் இறுகிய மை அங்கே ஒட்டாமல் உருளையிலேயே தங்கிவிடும். பள்ளத்தில் மட்டும் உட்காரும். மூன்று நிறம், ஒரே தட்டு, அச்சு எந்திரத்தில் ஒரே இழுப்பு.

வரிசையை மாற்றினால் வேலை கெட்டது. இறுகிய மை முதலில் போய், இளக்கமானது பின்னால் வந்தால் அது ஒதுங்காது. மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை பாரிஸ் பட்டறையில் 1950களில் உருவானது. ஹேட்டர், பம்பாயில் பிறந்த கைகோ மோத்தி, ரெட்டி என்று பல கைகள் சேர்ந்து கண்டது. ரெட்டி ஒருவரே கண்டுபிடித்தார் என்று எழுதுவது தவறு. அதைக் கடைசி வரை கொண்டுபோனவர் அவர் என்று சொல்லலாம். 1980களில் அவர் செய்த கோமாளிப் படங்களைப் பாருங்கள். தட்டு ஒன்றுதான். மையின் நிறத்தையும் எண்ணெயையும் உருளை வரிசையையும் மாற்றி மாற்றி, வேறு வேறு படம் போலவே எடுத்திருக்கிறார்.

நானும் இந்த முறையில் முயன்றேன். 30 செ.மீ. அகலத் துத்தநாகத் தட்டு. இரண்டு நிறமும் கலந்து சேறு மாதிரி வருகிறது. நடுவில் ஒரு கோடும் குறுக்கே விழுகிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. எங்கே தப்பு?
— ஓவியக் கல்லூரி மாணவர், தேவகோட்டை

மூன்று குறைக்கும் மூன்று காரணம், தம்பி. கோட்டை முதலில் முடித்துவிடுவோம், அது வெறும் கணக்கு. உருளை ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்று தொடங்கும் இடத்தில்தான் அந்தக் கோடு விழும். ஒரே சுற்றில் தட்டு முழுவதும் அடங்க வேண்டும். 30 செ.மீ.யை 3.14-ஆல் வகுத்தால் 9.6 வரும். ஆக உருளையின் விட்டம் குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4, 5 செ.மீ. உருளையில் இந்த வேலை நடக்காது. பெரிய உருளை இல்லையென்றால் தட்டைச் சிறிதாக்குங்கள். 5 செ.மீ. உருளைக்கு 15 செ.மீ. தட்டு.

சேறு ஏன்? இரண்டு மைக்கும் இடையில் எண்ணெய் வித்தியாசம் போதவில்லை. கண்ணாடிப் பலகையில் இரண்டையும் தனித்தனியே கலந்து கத்தியால் தூக்கிப் பாருங்கள். இளக்கமானது வெள்ளைப் பணியார மாவு போலக் கத்தியிலிருந்து நாடாவாக இறங்க வேண்டும். இறுகியது அதிரச மாவு போலக் கத்தியிலேயே நிற்க வேண்டும். நான்கு பங்கு மைக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய் என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காய்ச்சாத எண்ணெயாக இருக்கட்டும். காய்ச்சியது பிசுக்கென்று இருக்கும், விரைவில் காயும், மை இழுபடும்.

தட்டுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடியில் இளக்கமான மையை ஒரு பட்டையாக உருட்டி, அதன் குறுக்கே இறுகிய மையை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். குறுக்கிடும் சதுரத்தில் முதல் நிறம் சுத்தமாக நின்றால் சரி. சதுரம் கலங்கினால் இளக்கமான மைக்கு எண்ணெய் இன்னும் வேண்டும். புள்ளி புள்ளியாக இருந்தால் முதல் படலம் மெல்லியதாகிவிட்டது என்று அர்த்தம், உருளையில் மை கூட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை உருட்டக் கூடாது. பலரும் 'சரியாக விழவில்லையே' என்று திரும்ப ஓட்டுவார்கள், அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் சேறாகும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை வெயில். சித்திரை மதியம் தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்தால் எண்ணெய் சேர்க்காத மையும் தானாக இளகிவிடும். காலையில் சரியாக வந்த கலவை இரண்டு மணிக்கு வராது. விடிகாலையில் வேலையை முடியுங்கள், அல்லது இறுகிய மையில் மெக்னீசியம் கார்பனேட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துப் பிசைந்து கெட்டியாக்குங்கள். அதிகம் போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

தாள் கிழிந்தது பள்ளத்தின் ஓரம் கத்தி போல நிற்பதால். 1.6 மி.மீ. தட்டில் அரை மி.மீ.க்கு மேல் ஆழம் போனால் ஓரங்களைச் சுரண்டுகருவியால் சரிவாக்கி, மெருகுக் கருவியால் மழுக்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தடுக்கினால் தாளும் தடுக்கும். தட்டின் நான்கு வெளி ஓரங்களையும் அரத்தால் 45 டிகிரி சாய்வாக ராவுங்கள். இல்லாவிட்டால் தாளோடு சேர்த்து, அச்சு எந்திரத்தில் தாள் மேல் விரிக்கும் கம்பளியையும் வெட்டும். கம்பளி விலை உங்களுக்கே தெரியும். தாள் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பருத்தித் தாளாக இருக்கட்டும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து ஒற்றுங்கள். சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு இருக்கக் கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அந்த ஈரம்தான் சரி. பளபளப்போடு போட்டால் எண்ணெய் மை ஏறாமல் வெள்ளைத் திட்டு விழும்.

அமிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். துத்தநாகத்துக்கு நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். குமிழிகளைக் கோழி இறகால் நீக்கிக்கொண்டே இருங்கள், நிற்கும் குமிழிக்கு அடியில் அரிக்காது. பழுப்புப் புகை கிளம்பினால் கலவை கடுமையாகிவிட்டது, உடனே தட்டை எடுத்துவிட்டு விலகுங்கள். மூடிய அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அச்சு என்றாலே நகல்தானே? அதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் விலை? கீழே பென்சிலில் 12/50 என்று எழுதியிருப்பது எதற்கு?
— வாசகர், பள்ளத்தூர்

ஓர் ஓவியத்தைப் படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தால் அது நகல். அச்சோவியத்துக்கு முன்னால் ஓவியம் என்று எதுவும் இல்லை. தட்டு படம் அல்ல, கருவி. தாளில் விழுந்ததுதான் படம், ஒவ்வொன்றுக்கும் கையால் மை ஏற்றி, துடைத்து, இழுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று நிற வேலையில் ஒரு தாளுக்கே நல்ல கைக்காரருக்கும் நேரம் பிடிக்கும்.

12/50 என்றால் மொத்தம் ஐம்பது, இது பன்னிரண்டாவது. 1/50 உசத்தி, 50/50 மட்டம் என்று கிடையாது. சிலர் எண்ணுக்குப் பதிலாக ஏ.பி. என்று எழுதியிருப்பார்கள். அது கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி, வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. வாங்கும்போது எண்ணைவிட ஓரத்தைப் பாருங்கள். எச்சிங் என்றால் தட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பூப்பூவாக வட்டமிட்ட நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட், கீழே யார் கையெழுத்து இருந்தாலும் சரி.

எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஐயா காலத்து லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. சேலைக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டியது. ரவிவர்மா கையால் வரைந்தது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா? கண்ணாடிக்குள் பழுப்பு ஏறுகிறது, என்ன செய்வது?
— வாசகி, கானாடுகாத்தான்

அநேகமாகக் கையால் வரைந்தது அல்ல ஆச்சி. ஆனால் ஏமாற்றம் வேண்டாம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மாறியது, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்குக் கைமாறியது. கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல் வீதம் ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து, மேலே வார்னிஷ் பூசியதால் எண்ணெய் ஓவியம் போலத் தெரியும். சட்டத்தைக் கழற்றும்போது படத்தின் அடி ஓரத்தைப் பாருங்கள். ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கலாம். லென்ஸில் ஒழுங்கில்லாத, மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தால் பழைய கல்லச்சு. ஒழுங்கான பூப்புள்ளி என்றால் பின்னால் வந்த மறுபதிப்பு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இரண்டும் கலந்தே கிடைக்கும். தேநீரில் நனைத்துப் பழசாக்கிய தாளும் உண்டு. அதில் கறை தாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், உண்மையான பழசில் ஓரம்தான் முதலில் பழுக்கும்.

சரிகை ஒட்டியது செட்டிநாட்டு வீடுகளின் பழைய வழக்கம். அதைப் பிரிக்காதீர்கள், படத்தின் மதிப்பில் பாதி அதில்தான்.

பழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பின்பலகை. மரத்திலிருந்து அமிலம் கசிந்து தாளை எரிக்கிறது. இரண்டு பலகை சேரும் இடத்தில் கோடாகப் பழுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லா அட்டை வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். தாள் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். அப்படியே கண்ணாடியோடு பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரத் துணியால் துடைப்பது, உருளைக்கிழங்கு தேய்ப்பது, புதிதாக வார்னிஷ் அடிப்பது, மூன்றும் வேண்டாம்.

மாட்டும் இடமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் வளவுக்குள் (வீட்டு நடு முற்றத்துக்குள்) சாரல் அடிக்கும், வெளிச்சுவர் ஓதம் இழுக்கும். உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், கரையானும் ராமபாணப் பூச்சியும் தங்காது. வேப்பிலை செருகுகிறார்கள் சில வீடுகளில். பச்சை இலை ஈரத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும், எங்களுக்கு அதில் சம்மதமில்லை. வளவிலிருந்து நேர் வெயில் விழும் சுவரும் ஆகாது. அருங்காட்சியகங்களில் தாள் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுவார்கள், மாலைக் கருக்கலில் முகப்பில் இருக்கும் வெளிச்சம் மாதிரி.

நம் ஊர்க்காரர் யாராவது இந்தத் துறையில் பேர் வாங்கியிருக்கிறார்களா?
— வாசகர், கோட்டையூர்

ஆர்.எம்.பழனியப்பன். 1957-இல் தேவகோட்டையில் பிறந்தவர். சென்னை அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து அச்சுக் கலைக்குள் போனவர். அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனத்தில் லித்தோ (கல்லச்சு) பயிற்சி பெற்றார். சென்னை லலித் கலா அகாதெமி மண்டல மையத்தின் செயலாளராக இருந்தவர். அவர் படத்தில் கோவிலோ கொடியோ தேட வேண்டாம். பறத்தல், கணக்கு, ஒரு புள்ளி நகரும்போது விட்டுப்போகும் தடம், இவைதான் அவர் விஷயம். ஒரு கோடு எங்கே தொடங்கி எந்த வேகத்தில் போயிருக்கிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள், சீக்கிரம் பிடிபடும்.

அச்சு எந்திரம் இல்லாமல் வீட்டில் செய்து பழக முடியுமா? கரும்புச் சாறு எந்திரத்தில் தட்டை விட்டால் என்ன?
— வாசகர், புதுவயல்

கரும்பு எந்திரம் வேண்டாம். உருளையில் பல் வெட்டியிருக்கும், தாளில் வரி வரியாக விழும். இரண்டு உருளைக்கு நடுவே தட்டையான படுக்கையும் இல்லை. சாறும் கெடும்.

லினோ (கத்தியால் செதுக்கும் லினோலியம்) பலகையில் தொடங்குங்கள். மேட்டில் மை ஏற்றுகிற வேலை என்பதால் எந்திர அழுத்தம் தேவையில்லை. பலகையை ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் வெண்ணெய் போல வெட்டுப்படும். வெட்டும் கைக்கு முன்னால் மற்றக் கை இருக்கவே கூடாது, முதல் வாரத்துக் காயம் எல்லாம் அப்படி வருவதுதான். எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். உருளையில் மை சரியாக ஏறியிருக்கிறதா என்பதைக் காதால் கேட்கலாம். மெல்லிய சரசரப்பு வந்தால் சரி, சளசளவென்று ஒட்டுகிற சத்தம் வந்தால் மை அதிகம், கோடுகள் அடைபடும். தாள் மெல்லியதாக, 80 முதல் 100 ஜி.எஸ்.எம்.க்குள், காய்ந்ததாகவே இருக்கட்டும்.

தாளைப் பலகை மேல் விரித்து, அடுப்படியில் இருக்கும் மர அகப்பையின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் தேயுங்கள். தாள் வழுக்காமல் இருக்க அகப்பைக்கு அடியில் ஒரு வெண்ணெய்த்தாள். ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர் மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்த இடம் இருந்தால் தாளைத் திரும்ப இறக்கி அந்த இடத்தை மட்டும் தேய்க்கலாம். பிடித்த மூலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் படம் இரட்டையாக விழும்.